வெளியே நின்ற சைரன்

– சாயந்திரம் மீட்டிங்ல நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கச்சி. வந்து உக்காந்தா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.

– நான் எதுக்குண்ணே? அந்த வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்ப என் முகம் வேணுமா?

– அப்படி இல்லம்மா. அதாவது, நீ வந்து உக்காந்தா அவனுக்குப் பரிஞ்சு பேசறவங்க வாயை மூடிக்குவாங்க. நாலஞ்சு பேரு இருக்காங்க, வயசானவன், பாவம், எங்க போவான்னு. உன் வீட்டுக்காரர் போனது பாவமில்லையா? செக்ரட்டரின்னு ஒருத்தன் இருந்துக்கிட்டு நான் இதைச் சும்மா விட்டா, நாளைக்கு இந்தக் குடியிருப்புல எவன் என்னை மதிப்பான்?

– டீ ஆறுது, குடிங்க.

– நீ குடிச்சியா?

– அப்பவே குடிச்சேன். பாருங்கண்ணே, நீங்க எங்களுக்குச் செஞ்சது கொஞ்சநஞ்சமில்ல. ஆஸ்பத்திரியிலேருந்து அவரைக் கொண்டு வந்தது, என் மக வந்து சேர்ற வரைக்கும் வாசல்லயே நின்னது, வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது. கூடப் பிறந்தவன்கூட அப்படி நிக்கமாட்டான். அதை நான் மறக்கல. ஆனா அந்த வாட்ச்மேன் மேல எனக்குக் கோபம் வரமாட்டேங்குது. நானும் வரவழைச்சுப் பார்த்துட்டேன்.

– ஏன் வரக்கூடாது? ஆம்புலன்ஸ்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வண்டி வந்து நிக்குது. சைரன் அடிக்குது. கண்ணு இருக்கில்ல, காது இருக்கில்ல? கேட்ல இருக்கற தடுப்புக் கட்டையைத் தூக்கி விட்டிருக்கணுமா இல்லையா?

– எதை வெச்சுத் தூக்குவான்?

– என்னம்மா கேள்வி இது?

– அந்தத் தடுப்புக் கட்டையைக் கையால தூக்கறதுக்கு ஒரு சாவி இருந்துச்சு. பின் பிளாக்ல சைக்கிள் திருடு போச்சே, அதுக்கப்புறம் அந்தச் சாவியை நீங்கதானே வாங்கி வெச்சுக்கிட்டீங்க? இனிமே எல்லாம் ஆப்லதான், வீட்டுக்காரங்க போன்ல சரின்னு அழுத்தினாதான் கட்டை தூக்கும், இவன் இஷ்டத்துக்கு எவனையும் உள்ள விடமுடியாதுன்னு குரூப்ல போட்டீங்க. நாங்கெல்லாம் கைதட்டற பொம்மை போட்டோம். அவரும்தான் போட்டாரு.

– அது எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. அதாவது, ஒரு கட்டுக்கோப்பு வேணுமில்லையா? வேணும்னா வேணும்னு சொல்றது, ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில கட்டறது. அதுக்குத்தான் செக்ரட்டரி இருக்கான்.

– நான் உங்களைக் குத்தம் சொல்லலண்ணே. அவன்கிட்ட சாவி இல்லைன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

– சரி விடு. உன் மனசு சரியில்லாத நேரத்துல நான் வேற வந்து.

– இருங்க. போயிடாதீங்க. அன்னைக்கு நடந்ததை நான் யாருகிட்டயும் முழுசாச் சொல்லல. மககிட்டகூடச் சொல்லல. சொன்னா அவ தாங்கமாட்டா. உங்ககிட்ட சொல்லணும்.

– சொல்லும்மா. சொன்னா பாரம் இறங்கும்.

– குளிச்சிட்டு வந்து சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. உங்களுக்குத்தான் தெரியுமே, டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவருன்னாலும் மாப்பிள்ளை மாதிரிதான் போவாரு. என்னைத் தேய்க்க விடமாட்டாரு, காலர்ல மடிப்பு விழுதும்பாரு. தோள்பட்டை வலிக்குதுன்னாரு. கோணலாப் படுத்திருப்பீங்கன்னு சொல்லிட்டு நான் சமையக்கட்டுக்குப் போயிட்டேன். துணி கருகற வாசனை வந்துதான் எட்டிப் பார்த்தேன். மேசைக்குக் கீழ சாஞ்சு உக்காந்திருக்காரு. ஏதோ தேடறாருன்னு நெனச்சேன். பாருங்கண்ணே, நான் முதல்ல ஐயன் பாக்ஸ் ஸ்விட்சைத்தான் அணைச்சேன். 'சட்டை போச்சே'ன்னு திட்டினேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

– யாரா இருந்தாலும் அப்படித்தான்மா. யாருக்குத் தெரியும்?

– என் போன்லேருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷங்க, சீக்கிரமே வந்துட்டாங்க. அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு, 'வந்துட்டாங்க, சத்தம் கேக்குது பாருங்க, வந்துட்டாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரும் தலையை ஆட்டினாரு. சத்தம் கிட்ட வந்துச்சு. கிட்ட வந்து அப்படியே நின்னுடுச்சு. நகரவே இல்லண்ணே. ஒரே இடத்துல நின்னுக்கிட்டுக் கத்திக்கிட்டு இருக்கு. கட்டிலு மேல அவர் போன் அதிருது.

– கேட்லேருந்து வந்திருக்கும்.

– ஆமா. கேட்ல ஒரு வண்டி வந்திருக்கு, விடவா வேணாமான்னு கேக்குது. எங்க வீட்டுக்கு அவர் நம்பர் மட்டும்தானே குடுத்திருந்தது? என் நம்பரையும் சேக்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டேன். நீ போனை எங்க வெச்சேன்னு தேடறதுக்குள்ள வந்த ஆளு ஊருக்கே திரும்பிப் போயிடுவான்னு சிரிப்பாரு. ஓடிப்போய் அதை எடுத்தேன். பூட்டியிருக்கு. அவர் விரல் வெச்சாத்தான் திறக்கும்.

– ஐயோ.

– கட்டை விரலை எடுத்து அதுல வெச்சேன். வேர்த்து ஊத்துது அவருக்கு. ஈரக்கை, ஏத்துக்கல. துண்டால துடைச்சுட்டு வெச்சேன். ஏத்துக்கல. மறுபடி துடைச்சேன். அவர் என்னையே பாக்கறாரு. என் கையை எடுத்து எதுக்கு இப்படித் தேய்க்கறாங்கற மாதிரி பாக்கறாரு. கடைசியாத் தொறந்துச்சு. தொறந்தா, சிவப்பு எழுத்துல 'அனுமதி மறுக்கப்பட்டது'ன்னு நிக்குது.

– மறுக்கப்பட்டதுன்னா?

– நானே வேணாம்னு அழுத்திட்டேன்னு நெனச்சேன். அவர் விரலை அங்கயும் இங்கயும் வெச்சு அமுக்கினதுல, அவர் விரலாலயே அவருக்கு வந்த வண்டியை வேணாம்னு சொல்லிட்டேன்.

– தங்கச்சி, அழாதே.

– அழலண்ணே. அப்புறம் அந்த வாட்ச்மேன் ஓடி வந்தான். கேட்டை விட்டுட்டு, கேட்ல ஆப் பாக்கறதுக்குப் பலகை மாதிரி ஒண்ணு இருக்கே, அதைக் கையில தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி வந்து நிக்கறான். 'அம்மா, வேணாம்னு வருதும்மா. மறுபடி கேக்கலாம்னா விடமாட்டேங்குதும்மா'ன்னு அந்தப் பலகையை என்கிட்ட காட்டறான். வண்டிக்காரங்க கட்டை இப்போ தூக்கும், இப்போ தூக்கும்னு உள்ளயே உக்காந்திருந்திருக்காங்க. கடைசியில வண்டியை வெளியிலயே விட்டுட்டு ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்தாங்க. அவர் காலைப் பிடிச்சுப் படியில இறக்கினது அந்த வாட்ச்மேன்தான். பின்னாலயே நடந்து இறங்கினான். ஒரு இடத்துலகூட இடிக்கல.

– அவன் செஞ்சது சரிங்கறியா?

– ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமேம்மான்னா. அதோட நான் செத்தேன். அன்னையிலேருந்து கண்ணாடி பாக்கல நான். என் மக சோறு பிசைஞ்சு குடுக்கறா, 'உங்கப்பாவைக் கொன்ன கைடீ'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. முழுங்கிடறேன்.

– இங்க பாரு, நான் சொல்றதைக் கேளு. பதட்டத்துல கை பட்டிருக்கும். யாரா இருந்தாலும் நடக்கறதுதான். ஆனா இதை நீ வெளியில சொல்லாதே. அதாவது, சனங்க வாய் சும்மா இருக்காது. சாயந்திரம் மீட்டிங்ல இதை எடுக்கவே வேணாம். வாட்ச்மேன் மேலதான் தப்புன்னு ஆயிடுச்சு. அது அப்படியே அவனோட நிக்கட்டும். உன் பேரு எங்கயும் வராது. நான் பொறுப்பு.

– எனக்காகவா செய்யறீங்க?

– பின்ன யாருக்காக? அவரும் நானும் எத்தனை வருஷமா ஒண்ணா நடக்கப் போனவங்க. அவர் பொண்டாட்டியை நாலு பேர் பேச நான் விட்டுடுவேனா?

– இன்னும் முடிக்கலண்ணே. நேத்து என்னால முடியல. அந்த ஆப்காரங்க கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினேன். நான்தான் அழுத்தினேன்னு யாராவது ஒருத்தர் என் காதுல சொல்லிட்டா, அப்புறம் அதோட இருந்துக்கலாம்னு தோணுச்சு.

– அவங்களுக்கு எதுக்கும்மா பண்ணினே? ஒரு வேலைக்கும் ஆகமாட்டாங்க. பாட்டுப் போட்டுட்டுப் போயிடுவானுங்க.

– பாட்டுத்தான் போட்டாங்க. நடுநடுவுல, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒருத்தி சொல்றா. கடைசியா ஒரு பொண்ணு வந்தா. சின்னக் குரல். வீட்டுத் தலைவர்கிட்டதான் பேசமுடியும், அவரை லைன்ல குடுங்க மேடம்னா. அவர் இல்லம்மான்னேன். எப்போ வருவாருன்னு கேட்டா.

– சே.

– அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்? சொன்னேன். சாரி மேடம்னா. சொல்லிட்டு, அவர் போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கன்னா. அவர் போன் என் மடியிலதானே இருக்கு. வாசிச்சேன். அப்புறம் கேட்டேன், அந்த வேணாம் எங்க போன்லேருந்துதான் போச்சான்னு. டைப் பண்ற சத்தம் கேட்டுச்சு. இல்ல மேடம், இந்தப் போன்ல ஆப்பைத் தொறக்கறதுக்கு முன்னாடியே பதில் போயிடுச்சுன்னா. நீங்க எதையும் அழுத்தலன்னா.

– நீ அழுத்தலையா?

– அழுத்தல. கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவ அலோ அலோங்கறா.

– அப்போ அந்த வாட்ச்மேன்தான் எதையோ தப்பா அமுக்கியிருக்கான். நான்தான் சொன்னேனே. பாத்தியா?

– நானும் அதைக் கேட்டேன். கேட்ல இருக்கறவங்களால கேக்கத்தான் முடியும், பதில் சொல்லமுடியாது மேடம்னா. அப்போ யாரும்மா சொன்னான்னு கேட்டேன். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைன்னா. 'எனக்கும் அனுமதி இல்லாமத்தாம்மா அந்த வண்டி வெளியில நின்னுச்சு'ன்னேன். ஐயன் பாக்ஸ்லேருந்து எல்லாத்தையும் சொன்னேன், இப்போ உங்ககிட்ட சொன்ன மாதிரி. அவ அழுதான்னு நெனக்கறேன், மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னா. வீட்டுல எடுக்கலேன்னா அந்தக் கேள்வி இன்னொரு போனுக்குப் போகும் மேடம், எல்லா வீட்டுக்கும் அது ஒரே போன்தான், உங்க செக்ரட்டரி போன்னா. என்னண்ணே, டீயைக் கீழ வெச்சுட்டீங்களே.

– ஒரு நாளைக்கு எத்தனை வரும் தெரியுமா அதுல? அதாவது, பால்காரன், கேஸ்காரன், கூரியர். வந்துக்கிட்டே இருக்கும் தங்கச்சி. யாரு எவருன்னு பாத்தா நான் வேற வேலை பாக்கமுடியாது.

– தெரியும்ணே. நான் மீட்டிங்குக்கு வர்றேன். அவனை அனுப்பக்கூடாதுன்னு சொல்ல வர்றேன். யாரு அழுத்தினதுன்னு நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்.

– கேளும்மா.

– நீங்க அதை அழுத்தறப்போ, சைரன் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?

– கேட்டுச்சும்மா. பால்கனியில நின்னு, குரூப்ல போடலாம்னு அந்த வண்டியைத்தான் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன்; நடுவுல அந்தக் கேள்வி வந்து மறைச்சுது, வேணாம்னு தள்ளிவிட்டேன்.