தாயம்மாளின் மாய ஊசியும் ஒரு பொன்னாடையும்

மின்விசிறி ஓய்ந்தாலும் மேடையை விட்டு ஓயாத எங்கள் மன்றத் தலைவர், மதிப்பிற்குரிய நாராயணஸ்வாமி அவர்களே, இன்னும் சற்று நேரத்தில் பொன்னாடை பெறவிருப்பவராய், என் வலப்புறம் அமர்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் விழா நாயகர், பொறியாளர் சாம்பசிவம் அவர்களே, முன்வரிசை நாற்காலிகளில் நான்கு மணிக்கே துண்டு போட்டு வைத்த பெரியோர்களே, மூன்று மணியிலிருந்து வடை சுட்டுவிட்டு, இப்போதுதான் உட்கார இடம் தேடும் தாய்மார்களே, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் தங்கச் செல்வங்களே, ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரையும் அதன் நாற்புறத்தையும் நிறைத்து வாழும் நல்லோரே; உங்கள் அனைவருக்கும் மங்கையர்க்கரசியின் மாலை வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தலைவர் மேசையில் மணி இருக்கிறது. எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். சாம்பசிவம் அவர்களுக்கு அடுத்த வீட்டில் எட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அவர் மனைவி ஜலஜா எனக்குத் தோழி. இதைவிடத் தகுதி வேறு வேண்டுமா?

அழைப்பிதழைப் படித்தீர்களா? நான் நான்கு முறை படித்தேன். "மாயப் புதையல் படைத்து மாநிலம் வியக்க வைத்த மாமேதை, கடல் கடந்த ஏட்டிலே கால் பதித்த கற்பனைக் கருவூலம்" என்று அச்சடித்திருக்கிறது. அச்சில் வந்துவிட்டது. அச்சில் வந்ததை ஐயுறலாமா? ஐயுறத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்கிறேன்.

சென்ற ஆண்டு, எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜலஜாவின் தம்பி சுந்தரேசன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்து, போகும்போது ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். சாக்லேட் என்று திறந்தோம். உள்ளே ஒரு தடித்த புத்தகமும், விதவிதமான பகடைகளும் இருந்தன. ஒரு பகடைக்கு இருபது முகம். அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்று நடக்க வேண்டும். கோட்டை வரும், குகை வரும், பூதம் வரும். இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று நாமே முடிவெடுக்க வேண்டும். வெல்வோமா வீழ்வோமா என்பதைப் பகடை சொல்லும். வழியிலே புதையல்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாயச் சக்தி இருக்கும்.

புதன்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை, ஜலஜா கதை சொல்ல, நானும் எதிர்வீட்டுக் கல்பகமும் காடு மலை கடந்தோம். அதற்குள் இந்த மன்றத்துக்குச் செய்தி போய்விட்டது, பெண்கள் கூடிப் பகடை உருட்டுகிறார்கள் என்று. உடனே ஒரு குழு. குழுவிலிருந்து இருவர் விசாரிக்க வந்தார்கள். வந்த நேரத்தில் கல்பகம் கதைக்குள் ஒரு பாழுங்கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் மேலே ஏறும்வரை அந்த இருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை காபி குடித்தார்கள். "சூதாட்டம் அல்ல" என்று அறிக்கை தந்தார்கள். சிரிக்காதீர்கள், அதில் ஒருவர் இந்த மேடையில்தான் இருக்கிறார்.

விளையாட்டில் ஒரு குறை இருந்தது. புத்தகத்திலிருந்த புதையல்கள் எங்களுக்குப் பொருந்தவில்லை. நெருப்பு கக்கும் வாளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? போர்த்தினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் போர்வை ஒன்று கிடைத்தது. கல்பகம் அதைத் தள்ளிவிட்டார். "இதுக்குப் போர்வை எதுக்கு? எங்காத்துல நான் வெறுமனே இருந்தாலே யாருக்கும் தெரியறதில்லை" என்றார்.

ஆகவே புதையல்களை நாங்களே படைப்பது என்று தீர்மானித்தோம். ஜலஜா ஒரே ஒரு சட்டம் இட்டார். ஒவ்வொரு புதையலுக்கும் ஒரு பலன் இருக்க வேண்டும். அந்தப் பலனுக்காக, வைத்திருப்பவர் ஒன்றை இழக்கவும் வேண்டும். இழப்பில்லாத மாயம் வெறும் லாட்டரிச் சீட்டு என்றார். எழுதிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். நான் அள்ள அள்ளக் குறையாத சோற்றுப்பானை ஒன்றைப் படைத்துப் பெருமையோடு வைத்தேன். அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதக் கழுவறது யாரு?"

அதுதான் தாயம்மாள். உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். லாலாகூடா ரயில்வே குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, இந்தக் காலனியில் நாற்பது வீட்டுக்கு ரவிக்கை தைக்கிறவர். கணவர் அய்யாக்கண்ணு ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குப் பலகை அடிக்கிறார். அன்று தாயம்மாள் ஜலஜாவின் ரவிக்கையைக் கொடுக்க வந்தவர். "உக்காருங்க" என்றார் ஜலஜா. உட்கார்ந்தார். மறு புதன் முதல் எங்களோடு அவரும் ஆடினார்.

அடுத்த மாதம் கதையிலே நாங்கள் ஆற்றைக் கடக்க வேண்டும். பூதம் எங்கள் படகைக் கிழித்துவிட்டது. நான் மந்திரம் போட்டேன், பகடை ஒத்துழைக்கவில்லை. கல்பகம் நீந்தலாமா என்றார். தாயம்மாள் மடியிலிருந்த துணியில் கொக்கி தைத்தபடியே சொன்னார்.

"தச்சிட்டாப் போச்சு."

"படகை எப்படிங்க தைக்கறது?" என்று ஜலஜா கேட்டார்.

"ஊசி நல்லதா இருந்தா எதயும் தைக்கலாம். படகு, செவுரு, ரெண்டு பேரு சண்ட."

"சரி, அதுக்கு என்ன இழக்கணும்?"

தாயம்மாள் கொக்கியைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார். "நூலு கடையில கெடைக்காது. தைக்கிறவ கட்டியிருக்கற பொடவயிலேருந்துதான் உருவணும். தைக்கத் தைக்கப் பொடவ கொறயும். எங்க நிறுத்தறதுன்னு அவளுக்குத்தான் தெரியணும்."

அமெரிக்காவில் அச்சடித்த அந்தத் தடித்த புத்தகத்திலே முந்நூறு புதையல்கள் இருந்தன. இதற்கு ஈடாக ஒன்று உண்டா? ஒன்றாவது உண்டா?

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் அளவு நாடாவைப் படைத்தார். பகைவனைச் சுற்றிப் பிடித்தால் அவன் பயம் எத்தனை அங்குலம் என்று காட்டும். பிடித்தவருடைய பயத்தை மறுபக்கத்தில் அவனுக்குக் காட்டிவிடும். ஒரு பித்தானைப் படைத்தார். அதைப் போட்டுக்கொண்டால் எதிரே இருப்பவர் உண்மை பேசுவார். ஆனால் அவர் முடிக்கும்வரை நாம் வாய் திறக்க முடியாது. கல்பகம் தம் வீட்டுக்காரர் சட்டைக்கு இரண்டு டஜன் தைத்துத் தரச் சொன்னார். ஜலஜா எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டுக்கென்று ஒரு மாத இதழ் வருகிறது. சுந்தரேசன் அதில் ஒன்றை அனுப்பியிருந்தார். சிறந்த மாயப் புதையலுக்கு ஒரு போட்டி என்று அதில் இருந்தது. ஊசியை அனுப்புவோம் என்றோம். ஜலஜா ஆங்கிலத்தில் எழுதினார். சாம்பசிவம் அவர்கள் அலுவலகத்தில் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்து, தம் கையாலேயே தபாலில் சேர்த்தார். உதவி செய்தார் என்பதை நான் மறைக்கவில்லை. நான்கு மாதத்தில் பதில் வந்தது. ஊசிக்கு முதலிடம். முழுப்பக்கம், படத்தோடு. அடியிலே பெயர்: சாம்பசிவம், ஹைதராபாத்.

தலைவர் மணியைத் தேடுகிறார். தேடட்டும், ஐயா, எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்து நடந்தவை உங்களுக்குத் தெரியும். அவர் வேலை பார்க்கும் ஆலையிலே பாராட்டு, மன்றத்திலே தீர்மானம், அழைப்பிதழிலே மாமேதை. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு புதன்கிழமைகளாகத் தாயம்மாள் வரவில்லை. தைத்த துணிகள் வேறொருவர் கையில் வந்தன. நான் பஸ் ஏறி லாலாகூடா போனேன். மிஷினில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார், காலை நிறுத்தவில்லை.

"ஏன் தாயம்மா வரல?" என்று கேட்டேன்.

"நக்கோம்மா, வேணாம். எனக்கு அந்த ஆட்டம் இனிமே நக்கோ."

"ஊசிக்காகக் கோபமா?"

அப்போதுதான் மிஷின் நின்றது. "ஊசி போனாப் போவுது. வேற ஒண்ணு செய்வேன். ஊசி சீமைக்குப் போயிருக்குதுன்னு இந்த லைன் முழுக்கச் சொல்லியிருந்தேன். எங்க வீட்டுக்காரரு உங்க விழா நோட்டீசக் கொண்டாந்து கொழாயடியில எல்லாருக்கும் படிச்சாரு. வேற ஆளு பேரு இருக்குது. 'ஹவ் ஹவ், ஆமாமா, சீமைக்குப் போன ஊசி'ன்னு சிரிச்சாங்க. நான் பொய்க்காரி ஆயிட்டேன். நான் தையக்காரிம்மா. துணி இவ்வளோதான் மிஞ்சிச்சுன்னு நான் சொன்னா ஜனங்க நம்பணும். பொய் சொல்றவ கையில யாரு துணி குடுப்பா? போன வாரம் ரெண்டு வீட்டுல மிச்சத் துணிய அளந்து பாத்தாங்க."

பெரியோர்களே, நமக்கு அது ஒரு விளையாட்டு. மன்றத்துக்கு அது ஒரு விழா. அவருக்கு அது பிழைப்பு.

அங்கிருந்து நேரே சாம்பசிவம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜலஜா கதவைத் திறந்தார். "நானும் பதினஞ்சு நாளா அதைத்தான் கேக்கறேன். உள்ள வாங்கோ, ரெண்டு பேருமாக் கேப்போம்" என்றார்.

கேட்டோம். சாம்பசிவம் அவர்கள் செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "நான்தான் எழுதினேன்னு நான் எங்கேயுமே சொல்லலையே" என்றார்.

"எழுதலைன்னும் சொல்லலையே" என்றேன்.

"மொதல் நாள் கேன்டீன்ல கை குடுத்தா. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்றதுக்குள்ள டீ வந்துடுத்து. ரெண்டாம் நாள் பெரிய மானேஜர் கை குடுத்தார். அப்பச் சொன்னா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பார். மூணாம் நாள் மன்றத்துலேருந்து வந்துட்டா. நாளாக நாளாக அந்த வாக்கியம் பெரிசாயிண்டே போறது, வாயில நுழையலை."

"சரி, படிவத்துல உங்க பேர் எப்படி வந்தது?"

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இந்த மன்றம் மறக்கக் கூடாது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தனவாம். பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. தாயம்மாள் என்று அடிக்கப் போனவருக்கு, தகப்பனார் பெயர் தெரியவில்லை. ஜலஜாவைக் கேட்டிருக்கிறார். ஜலஜாவுக்குத் தெரியவில்லை. அன்று மாலை என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. தபாலுக்கு மறுநாளே கடைசி நாள். தம் பெயரை அடித்து அனுப்பிவிட்டார்.

அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் இங்கே தலைநிமிர்ந்து நிற்கலாமா? ஆறு ஆண்டுகளாக என் ரவிக்கையைத் தைப்பவர் அவர். என் கழுத்தளவு அவருக்குத் தெரியும், என் கையளவு தெரியும், எந்த மாதம் நான் இளைத்தேன் என்பது கூடத் தெரியும். அவர் தகப்பனார் பெயர் எனக்குத் தெரியவில்லை. இங்கே இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை. ஒரே ஒரு கை. அது என்னம்மா, விசிறிக்காகத் தூக்கினீர்களா? இறக்கிவிடுங்கள். ஆக, ஒரு கையும் இல்லை.

படைத்தவர் யார்? தாயம்மாள். படகைத் தைத்தவர் யார்? தாயம்மாள். பதினேழு புதையலைப் பத்து மாதத்தில் படைத்துவிட்டு, மிச்சத் துணியை அளந்து காட்ட வேண்டிய நிலைக்கு வந்து நிற்பவர் யார்? முனுசாமி மகள் தாயம்மாள். ஆம், நேற்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு ஆண்டுகள் கேட்காததைக் கேட்க அரை நிமிடம் ஆயிற்று.

தலைவர் மணி அடித்துவிட்டார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, மேடையில் வைத்து ஒருவரை அவமானப்படுத்துவதா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. உட்காருங்கள் ஐயா, பதில் சொல்கிறேன். இன்று காலை சாம்பசிவம் அவர்களே என் வீட்டுக்கு வந்தார். "நீங்களே சொல்லிடுங்கோ. நான் மைக் முன்னாடி நின்னா, நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடுவேன்" என்றார். பொன்னாடை போய்விடுமே என்றேன். "போகட்டும், ராத்திரி தூங்கணும்" என்றார். இதோ, தலையாட்டுகிறார். மேடைக்கு வந்ததிலிருந்து இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார்.

தாயம்மாளை அழைத்தேன். வர மாட்டேன் என்றுவிட்டார். தீபாவளித் துணி குவிந்திருக்கிறதாம். "நான் வந்து என்ன கேக்கப் போறேன்? எனக்குத் தெரியும். சிரிச்சவங்களக் கூட்டிக்கினு போங்க" என்றார். ஆகவே அய்யாக்கண்ணு அவர்களும், குழாயடியில் சிரித்த லாலாகூடா அன்பர்கள் பதினொருவரும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வருக, வருக. காதாரக் கேட்டீர்களா?

சற்றுப் பொறுங்கள். சாம்பசிவம் அவர்கள் பொன்னாடையும் அந்த இதழும் வைத்த தட்டோடு மேடையை விட்டு இறங்குகிறார். அய்யாக்கண்ணு அவர்களிடம் போகிறார். வேண்டாம் ஐயா. போர்த்தாதீர்கள். மறுபடியும் ஓர் ஆண்பிள்ளை தோளிலா? ஆனால் நான் தடுக்குமுன் அய்யாக்கண்ணு அவர்களே கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கியை அங்கே கொண்டுபோங்கள்.

"இது நக்கோ சார். இதப் போத்திக்கினு போனா அவ வூட்டுக்குள்ள வுட மாட்டா. அந்த இங்கிலீஷ் பொஸ்தகத்துப் பக்கத்தக் குடுங்க. அதுல உங்க பேர அடிச்சிட்டு, அவ பேர எழுதிக் குடுங்க. கொழாயடியில நான்தான் படிச்சேன். நானே திரும்பப் படிக்கணும்."

கேட்டீர்களா, பெரியோர்களே? கேட்டீர்களா, தாய்மார்களே? ஓர் ஆண்டில் நம் மன்றத்துக்கு இதைவிடச் சிறந்த தீர்மானத்தை எவரேனும் முன்மொழிந்ததுண்டா? வழிமொழிகிறேன். கைதட்டல் போதும், சாம்பசிவம் அவர்கள் எழுதட்டும். மேசை ஆடுகிறது, யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்கிறார். தமிழிலேயே எழுதுங்கள் ஐயா, குழாயடியில் படிக்க வேண்டியது அதுதான்.

பத்து நிமிடம் தந்து பதினெட்டு நிமிடம் பொறுத்த தலைவர் அவர்களுக்கும், வாய் திறக்க முடியாததை என் வாய்வழி சொன்ன சாம்பசிவம் அவர்களுக்கும், பதினைந்து நாள் விடாமல் கேட்ட ஜலஜாவுக்கும், வேலை நாளில் விடுப்பு எழுதிவிட்டு வந்த லாலாகூடா அன்பர்களுக்கும், வடை சுட்ட கைகளுக்கும் என் நன்றி. பெயர் எழுதி முடித்துவிட்டார். மை காயும்வரை ஊதுகிறார். அனைவருக்கும் வணக்கம்.