பொட்டு வைத்த இரும்பு வளையம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் கனத்த சாக்கு மூட்டையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மச்சான்.

"பொட்டு வச்சது தப்புன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க மச்சான்" என்றார் பட்டறைக்காரர்.

"இன்னா மாமா சொல்ற?"

"ராணுவத்துக்கு வேண்டியத நம்ம நாட்லயே செஞ்சு வாங்கணும்னு சட்டம் போட்டாங்க இல்ல, அதுல நமக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. பீரங்கில மாட்ற இரும்பு வளையம். வேல முடிஞ்ச அன்னிக்குன்னு பாத்து ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டி பார்சல் போட்டேன்."

"எலுமிச்சம்பழமும் வச்சியா?"

"ஒன்னே ஒன்னு."

மச்சான் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"அளவு தப்பா?"

"அளவெல்லாம் சரியா இருக்குதாம். மேல கறையாம். இன்னொரு வாட்டி இப்டி வந்தா ஆர்டர் கட்டாம். தொடச்சி எடுத்துகினு போறேன்."

பஸ் கிளம்பியது. அவர் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருஷமா லேத்துக்கும் மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வச்சேன். நெஜமான ஆயுதம் கைக்கு வந்தது இந்த வருஷந்தான். அதுக்கு வைக்கக் கூடாதாம்."