பொருந்தாத விரல்

— இன்னொருக்கா வையி தாயி. அஞ்சு வெரலையும் நல்லா விரிச்சு வையி.

— விரிச்சுத்தாண்ணே வச்சிருக்கேன்.

— பெறகு ஏன் ‘ஆள் பொருந்தவில்லை’ன்னு வருது? பேறுகால லீவு முடிஞ்சு முத்துச்செல்வி வந்துட்டான்னு இதுக்கு யாரு சொல்றது. எழவெடுத்த மெசினு.

— அதத் திட்டாதீகண்ணே. இதுவும் நீங்களும் இல்லாட்டி இன்னைக்குத் தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல.

— நான் என்னத்தச் செஞ்சேன். கேட்டுல நிக்கிற வாட்ச்மேன். அன்னைக்கு அது உள்ள விடமாட்டேன்னுச்சு, நானும் விடல.

— மத்த ஆளா இருந்தா சைடு கேட்டத் தெறந்து விட்டிருப்பாக. நீங்கதான் கையப் பாத்தீக. மாசமா இருக்க பிள்ளைக்கு வெரலெல்லாம் வீங்கியிருக்கேன்னு ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனீக. ரத்தக்கொதிப்பு எங்கேயோ போயிருந்துச்சாம். சாயங்காலம் வரைக்கும் தையல் மிசின்ல குனிஞ்சு உக்காந்திருந்தா வலிப்பு வந்திருக்கும்னு டாக்டரம்மா சொன்னாக.

— ரேகை பாக்குற மெசினா இருந்தா அன்னைக்குப் பேசாம உள்ள விட்டிருக்கும் தாயி. இது வெரலோட நீளம் அகலத்தப் படம் புடிச்சு, வேலைக்குச் சேரும்போது எடுத்த படத்தோட ஒட்டிப் பாக்குது. வெரலு தடிச்சா அதுக்கு வேற ஆளு. அது கெடக்கட்டும், என்ன பிள்ளை?

— பொம்பளப் பிள்ளண்ணே. உங்க பேருல பாதிய எடுத்து ஜெயரோகிணின்னு வச்சிருக்கு. பேரையூர்ல எங்க தெருவே உங்களத்தான் சொல்லுது. இந்தாங்க, குலசாமிக்கு வச்ச பொங்கல். உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்.

— ஜெயபாண்டிங்கிற பேருக்கு இப்பத்தான் ஒரு மருவாதி வந்திருக்கு. எங்க வீட்டுல கூப்புடுறதே வேற மாதிரி. சரி, கைய வையி. இன்னைக்கு நீ சேரலன்னா ஒன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன்னு மேனேசரு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு.

— தெரியும்ணே. இந்த வேலைய நம்பித்தான் வீடே ஓடுது.

— ம்ஹூம், மறுபடியும் பொருந்தலங்குது. இங்கிட்டுக் காமி. ஏத்தா, வெரல் கணுவெல்லாம் ஏன் இம்புட்டுத் தடிச்சிருக்கு?

— அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.

— அன்னைக்கும் இதையேதான் சொன்ன. பிள்ளை பெத்த பெறகும் கொதிப்பு ஏறும், எங்க மச்சினி அப்பிடித்தான் கெடந்தா. நீ உள்ள போக வேணாம். காளவாசல் ஸ்டாண்டுல நம்ம சிவக்குமார் ஆட்டோ நிக்கும், கூப்புடுறேன்.

— வேலை போயிரும்ணே.

— போகாது. மேனேசர்ட்ட நான் நின்னு பேசுறேன். ஆஸ்பத்திரிச் சீட்டக் காட்டுனா இன்னும் ஒரு மாசம் சேத்துத் தருவாரு. தரலையா, நானும் இந்தக் கேட்டுல நிக்கப் போறதில்ல. ஏந்தாயி அழுவுற? மயக்கம் வருதா? இந்தா, இந்த நாக்காலியில உக்காரு. அலோ, சிவக்குமாரு, கம்பெனி கேட்டுக்கு வண்டிய எடுத்துட்டு வாய்யா, அவசரம்.

— போன வையுங்கண்ணே. உங்ககிட்டப் போயிப் பொய் சொல்ல முடியல. இது வீங்குன வெரலு இல்லண்ணே, களை வெட்டித் தடிச்ச வெரலு. முத்துச்செல்வி இன்னும் தேறாம வீட்டுல பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டுக் கெடக்கா. நான் தமிழ்வாணி, அவகூட ரெட்டையாப் பொறந்தவ.