பின்னால் இடம் இருக்கிறதா

நல்ல படம் எடுக்க ஆசைப்படுகிறவன் முதலில் குப்பை பொறுக்கப் பழக வேண்டும். தண்ணீர் பாட்டில், காகிதக் கோப்பை, எவரோ மறந்துவிட்டுப் போன குடை எல்லாவற்றையும் படத்துக்குள் விட்டுவிட்டு, வெளிச்சத்தைப் பற்றி மணிக்கணக்காக அளக்கிறவர்களோடு பதினோரு வருடம் சுற்றியிருக்கிறேன். அவர்கள் குனிய மாட்டார்கள், இடுப்பு வலிக்கும். நான் குனிவேன். சிலைக்கு முன்னால் நாற்காலி கிடந்தால் நகர்த்துவேன். அறிவிப்புப் பலகை நின்றால் தூக்கி ஓரமாக வைப்பேன். எடுத்து முடித்ததும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவேன். நீங்கள் முதலில் கேட்டதே அந்த மஞ்சள் பலகையைப் பற்றித்தான் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன். அதை நகர்த்தியது நான்தான். மறைக்க எதுவும் இல்லை.

நான் அடையாள அட்டை அலுவலகத்தில் இருக்கிறேன். விண்ணப்பத்தோடு வரும் புகைப்படங்களைப் பார்த்து, செல்லும் அல்லது செல்லாது என்று முத்திரை குத்துவது வேலை. காது மறைந்திருந்தால் செல்லாது. நெற்றியில் நிழல் விழுந்தால் செல்லாது. சிரித்தால் செல்லாது. ஒரு நாளைக்கு முந்நூறு முகம். இத்தனை முகத்தைப் பார்த்தவனுக்கு மனித முகத்தின் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. அதனால் என் படங்களில் ஆட்களே வர மாட்டார்கள். காலியான பெஞ்சு, காலியான படிக்கட்டு, கூட்டம் கலைந்த மைதானம், இப்படித்தான் எடுப்பேன்.

எங்கள் புகைப்படக் குழுவில் இருபது பேர். தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து, கும்பலாகக் கிளம்புவோம். மலர்க் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பாலத்துக்கடியில் வரைந்த சுவர் ஓவியம், இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்து எவனோ 'விடுதலை' என்று பெயர் சூட்டிய சிற்பம். அந்தச் சிற்பத்தை இருபது பேரும் ஒரே கோணத்தில் எடுத்து, மாலையில் ஒருவருக்கொருவர் 'பிரமாதம்' என்று எழுதிக்கொள்வார்கள். பார்க்க வருகிற பொதுமக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிற்பத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தங்கள் மூஞ்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டு, அடுத்த நிமிடம் தின்ன என்ன கிடைக்கும் என்று போய்விடுவார்கள்.

குழுவில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பழக்கம். ஒருமுறை மாரத்தான் ஓட்டத்தை எடுக்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் காமிராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் நடந்து, பூந்தொட்டிகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தார். ஓடினவர்கள்கூட நின்று சிரித்துவிட்டு ஓடினார்கள். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்கிறவர் "பின்னாடி?" என்று கேட்க வேண்டும். எதிரே நிற்கிறவர் "இருக்கு" என்றோ "நில்லு" என்றோ பதில் சொல்ல வேண்டும். இருக்கு என்றால் இடம் இருக்கிறது, தாராளமாக நகரலாம். நில்லு என்றால் தூக்கிய காலைக்கூட வைக்கக் கூடாது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் படம் தவறிவிடும்.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, ஏ.சி. மெக்கானிக். "ஞாயித்துக்கிழமை பூரா தூங்குறான், உங்களோட கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் நச்சரித்ததால் கூட்டிக்கொண்டு போனேன். பொத்தான் ஒட்டிக்கொள்ளும் என் பழைய காமிராவை அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு அவன் செய்த அட்டகாசம் தாங்க முடியவில்லை. அளவு தெரியாது, கணக்கு தெரியாது. ஜன்னல் துடைக்கிறவனிடம் போய்ப் பேசுவான், டிக்கெட் கிழிக்கிறவளிடம் கால் வலியை விசாரிப்பான், ஐந்து நிமிடத்தில் ஊரே அவனுக்குச் சொந்தக்காரர்களாகிவிடும். பிறகு சாவகாசமாக எடுப்பான். அவன் காமிராவைத் தூக்கினாலே எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். என் மேஜைக்கு வந்தால் அத்தனையும் செல்லாத முகங்கள்.

குழுவின் அந்த விதி மட்டும் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை இடம் மாற்றினாலும், கட்டிலைத் தூக்கினாலும், "அக்கா, பின்னாடி?" என்பான். "இருக்குடா, வா" என்பாள் இவள். இரண்டு பேரும் இதற்குப் போய்ச் சிரித்துச் சாவார்கள்.

குழுவின் போன வருடக் கண்காட்சியில் முதல் பரிசு அவனுக்கு. ஓவியக் கூடத்தில் ஒரு பெரிய போர்க்களப் படத்துக்குக் கீழே காவலாளி வாயைப் பிளந்து தூங்குவதை எடுத்திருந்தான். தூங்கி எழுந்த காவலாளியே பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என் காலி பெஞ்சுக்கு இரண்டாவது. தொடர்ந்து ஏழாவது முறையாக இரண்டாவது. நடுவர் ஒரு பல் மருத்துவர். "ரொம்பச் சுத்தமா இருக்கு சார். ஆனா குடி போகாத வீடு மாதிரி இருக்கு" என்றார். சொத்தைப் பல்லைத் தோண்டுகிறவருக்குக் கலையைத் தோண்டவும் அனுமதி கொடுத்தால் இப்படித்தான் பேசுவார்.

வீட்டுக்கு வரும் வழியில் மைத்துனன் கோப்பையை என் மடியில் வைத்தான். "நீங்க குடுத்த காமிராதானே அத்தான். இது உங்களுக்குத்தான் சேரணும்." இந்த மாதிரி ஆட்களுக்குப் பெருந்தன்மை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செலவே கிடையாது. கோப்பை எங்கள் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு வருடம் நின்றது. மனைவி தினமும் துடைப்பாள். எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு. பொறாமைப்பட எதிராளியிடம் ஏதாவது சரக்கு இருக்க வேண்டும்.

இனி தொட்டிக்கு வருகிறேன். மூடிக் கிடந்த நீரேற்று நிலையத்தின் பழைய தொட்டியை நகராட்சி ஒரு கலைஞரிடம் கொடுத்திருந்தது. அவர் தண்ணீரைக் கறுப்பாக்கி, சுற்றிலும் தண்ணீர் மட்டத்துக்கே ஒரு கறுப்புத் தளம் போட்டிருந்தார். தளம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது அவருடைய தத்துவம். நகராட்சிக்கோ தத்துவம் ஒத்துவரவில்லை. விளிம்புக்கு முன்னால் கயிறு கட்டி, 'ஆழம், தாண்டக் கூடாது' என்று மஞ்சள் பலகை வைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் நான் மதித்த ஒரே பொதுச் சிற்பம் அது. அதன் முகத்தில் போய்ப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிறு எங்கள் குழுவுக்கு மட்டும் காலையில் அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் எல்லோரும் பழைய பம்புகளைப் படம் எடுக்க இயந்திரக் கொட்டகைக்குப் போனார்கள். கதவைத் திறந்துவிடக் காவலாளியும் கூடவே போனார். நான் காமிரா முக்காலியை நிறுத்தி, கயிற்றையும் அதன் கம்பிகளையும் பலகையையும் தூக்கி எனக்குப் பின்னால் வைத்தேன். விடிந்து அரைமணி ஆகியிருக்கும். தளமும் தண்ணீரும் வானமும் ஒரே துணியாகக் கிடந்தன. நாலு படம் எடுத்தேன். குறையே இல்லாத நாலு படம். அப்போது அவன் வந்தான்.

"அத்தான், உங்களை ஒண்ணு எடுக்கட்டுமா? ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் நீங்க எடுக்குறீங்க, உங்களை யாருமே எடுக்குறதில்ல" என்றான்.

சொல்லிக்கொண்டே எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் வந்து, என்னைப் பார்த்து நின்றான். முதுகு தண்ணீர்ப் பக்கம். முக்காலியையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்று ஒரு அடி பின்னால் வைத்தான்.

உங்களிடம் முதலில், அந்த நேரத்தில் நான் கொட்டகையில் இருந்தேன் என்று சொன்னேன். இரண்டாவது தடவை, பார்த்தேன், ஓடிப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டான் என்று சொன்னேன். இரண்டும் சரியில்லை. நான் என் காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக்கு நடுவில் ஒரே ஒரு ஆள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, ஒரு மனிதன் படத்தில் நிற்பது சரியாக இருக்கிறது என்று தோன்றியது. இன்னும் இரண்டடி தள்ளி நின்றால் இன்னும் சரியாக இருக்கும் என்றும் தோன்றியது. நான் லென்ஸின் கூர்மையை அவன் மேல் வைக்கவில்லை. அவனுக்கு இரண்டடி பின்னால், தளம் முடிகிற கோட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உங்கள் நிபுணர் இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றீர்கள். கண்டுபிடிக்கும்படி இருப்பதுதான் நல்ல கூர்மை.

ஒன்பது படங்கள். பரிசு வாங்கியது மூன்றாவது. உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது, ஒரு கால் எதையும் தொடவில்லை, காமிரா மட்டும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கீழேயிருந்து அவன் நிழல் அவனைப் பிடிக்க வருகிறது. அதற்குப் பிறகு வந்த ஆறு அவ்வளவு சொல்லும்படி இல்லை, தண்ணீர் கலங்கிவிட்டது. தொட்டியின் சுவர் நேர்ச்சுவர், படி கிடையாது. அவன் முதுகில் பை. அவனுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளியில் பதக்கம் வாங்கியிருக்கிறேன்.

அவன் ஒருமுறை "அத்தான்" என்று கூப்பிட்டான். ஒன்பதாவது படம் அப்போது எடுத்தது.

பிறகு கயிற்றையும் பலகையையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய்ப் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து யாரோ தேடினார்கள். விளையாட்டுப் பையன், கயிற்றைத் தாண்டிவிட்டான் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். காவலாளிக்கு வேலை போயிற்று. மனைவி நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததே இல்லை.

படத்தை ஏன் கண்காட்சிக்கு அனுப்பினாய் என்கிறீர்கள். அனுப்பாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கா எடுத்தேன்? கறுப்பு வெள்ளையாக்கி, தலைப்பில்லாமல் அனுப்பினேன். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று எனக்குத் தெரியும். முகம் காமிராவுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வருடம் அவனோடு பல்லிளித்துச் சுற்றிய இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் அதற்கு முன்னால் நின்றார்கள், தங்கள் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போய்விட்டார்கள். பல் மருத்துவர் என் கையைப் பிடித்து, "கடைசியில குடி வந்துட்டாங்க சார்" என்றார். முதல் பரிசு.

மனைவியை நான் அழைக்கவில்லை. பரிசு என்று கேள்விப்பட்டு அவளாகவே வந்துவிட்டாள். வெகு நேரம் நின்று பார்த்தாள். மைத்துனன் எப்போதும் வலது கைச் சட்டையை மட்டும் முழங்கை வரை மடித்துவிடுவான், இடது கையை மறந்துவிடுவான். அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"இது நீங்க எடுத்ததா?"

"ஆமா."

"கயிறு எங்க? கயிறைத் தாண்டினான்னு சொன்னாங்களே. இதுல கயிறே இல்லையே."

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். குரலை உயர்த்துவாள் என்று நினைத்தேன். அவள் உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"என் தம்பி 'பின்னாடி?'ன்னு கேட்டானா?"

"கேக்கலை" என்றேன்.

"கேக்காம அவன் ஒரு அடி வைக்க மாட்டான்" என்றாள். அப்படியே வெளியே நடந்து, நேராக உங்களிடம் வந்தாள். இருபது பேர் பார்த்தும் பார்க்காததை அவள் பார்த்தாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாராட்டத்தான் வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டான். கண்ணை எடுக்காமல், சிரித்துக்கொண்டே, "பின்னாடி?" என்று கேட்டான். நான் "இருக்கு" என்றேன். ஒரு அடி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டான். மறுபடியும் "இருக்கு, போ" என்றேன். கொன்றது நான்தான். அவசரத்தில் அல்ல, கோபத்தில் அல்ல. எனக்கு அவன் மேல் எந்தக் கோபமும் கிடையாது.

நேற்று ஒரு படத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த அவனுடைய காமிராவை என் மனைவி யாரும் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாள் என்றும், உள்ளே இருந்த மெமரி கார்டில் கடைசியாக இருந்தது இதுதான் என்றும் சொன்னீர்கள். நான் முக்காலிக்குப் பின்னால் குனிந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் பலகையும் கயிறும் கிடப்பது தெரிகிறது. உங்களுக்கு அது சாட்சி, சரி. ஆனால் அதைப் பார்த்த உங்கள் தட்டச்சுக்காரப் பெண் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்? நீங்களும் அதைத் தனியாக எடுத்து உறைக்குள் பத்திரமாக வைத்தீர்கள். என்னுடையதை வெறும் கோப்பில் செருகினீர்கள். தளம் சாய்ந்திருக்கிறது. வெளிச்சம் கூடிப்போயிருக்கிறது. பாதி முக்காலி வெட்டுப்பட்டிருக்கிறது. என் முகம் ஏதோ நல்லவன் முகம் போல விழுந்திருக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வைத்து, நன்றாகப் பார்த்து, எது முதல், எது இரண்டாவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.