சிவப்பு விளக்கு எரியும்போது

எனக்கு இருமல் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. தொழில் அப்படி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வாசிப்பவர்களின் இருமல், தும்மல், நாற்காலி முனகல் எல்லாவற்றையும் வெட்டி எறியும் ஒலிப்பதிவாளன் நான். சிவப்பு விளக்கு எரிந்தால் கூரையே இடிந்தாலும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் போட்ட சட்டம்.

நீங்கள் விசாரிக்கும் அந்த இசைத்தட்டில் இரண்டு உருப்படிகள். ஒன்று, நூறு வருஷத்துக்கு முந்தைய பாலே இசை. ஊரையே மிதித்துத் துவைக்கிற ஆட்டத்துக்கு எழுதியது. இரண்டிலும் பெருமுரசு வாசித்தவர் என் மனைவியின் அண்ணன். மச்சான் வாழ்நாளில் ஓர் அடியைக்கூட நேரத்துக்கு அடித்ததில்லை. ஒவ்வோர் அடியையும் வெட்டி முன்னால் நகர்த்தி ஒட்டினேன். குடும்பம் என்றால் செய்யத்தானே வேண்டும்.

இரண்டாவது, வயலின் கான்செர்ட்டோ; ஒரு வயலின் முன்னால் நிற்க, மொத்தக் குழுவும் அதற்குத் துணை வாசிப்பது. வயலின்காரர் தன் வயலினுக்குத் தனி நாற்காலி கேட்கிறவர். மெதுவான பகுதியைக் காலையிலிருந்து கெடுத்துக்கொண்டே இருந்தார். பழியை அறையின் ஈரப்பதத்தின் மேல் போட்டார். இசை நடத்துநரோ அந்தப் பகுதி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். தியானம் என்பார். எனக்குத் தூக்கமாகத்தான் தெரிந்தது.

மறுபடி ஆரம்பிக்குமுன் மச்சான் என் கதவோரம் வந்தார்.

“மாப்ளே, நெஞ்சு என்னமோ பண்ணுது. நடுவுல எந்திரிச்சுப் போகலாமா?”

“விளக்கு அணையட்டும் மச்சான். அப்புறம் எங்க வேணா போங்க.”

அந்த முறைதான் வயலின்காரர் பிசகவே இல்லை. அந்த மனிதருக்குள் அப்படி ஒரு வாசிப்பு இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அப்போது கடைசி வரிசையில் மச்சான் எழுந்து, கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வாசிப்பவர்கள் எல்லோரும் அவருக்கு முதுகு காட்டி இருந்தார்கள்; நடத்துநர் கண்ணை மூடியிருந்தார். பார்த்தது நான் மட்டும். நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கடியில் இருந்தது. அந்த விரலை எடுத்து உதட்டில் வைத்துக் காட்டினேன். தங்கமான மனுஷன்; வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முரசின் மேல் சாய்ந்தார். வழக்கம்போலத் தப்பாக அடித்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள், ஒருவரும் திரும்பவில்லை.

ஆமாம், நான் நிறுத்தவில்லை. பகுதி முடியும்வரை விளக்கு எரிந்தது. அந்தச் சில நிமிஷங்களில் மச்சானைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் நிறையப் பேசுகிறார். அவர் வயலினைக் கேட்கவில்லை.

மச்சானின் முனகலை வெட்டினேன். முரசில் விழுந்த சத்தத்தை விட்டுவைத்தேன். எழுதிய இசையில் அங்கே முரசே கிடையாது. விமர்சகர்கள் மெய்சிலிர்த்து எழுதினார்கள். தாம் துணிந்து சேர்த்த அடி அது என்று நடத்துநர் பேட்டியே கொடுத்துவிட்டார்.

வெட்டாத மூலப்பதிவை உங்களிடம் கொடுத்தது என் மனைவிதானாமே. அவளுக்கு நான் தட்டைப் போட்டே காட்டினேன், ஐயா. அந்த ஒரே இடத்தை. “கேளு, உங்கண்ணன் வாழ்க்கையில ஒரு தடவ நேரத்துக்கு அடிச்சிருக்காரு. நான் கையே வைக்கல.”