அவிய வச்ச கூட்டாஞ்சோறு

சீவலப்பேரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“யக்கா, நேத்து ராச்சாப்பாட்டுக்கு எங்க வீட்டுக்காரரு இருக்காவல்லா, அவிய கூட்டாஞ்சோறு வச்சாவ. எனக்குப் பயமா இருக்கு.”

மூத்தவள் சிரித்தாள். “வாயில வைக்க விளங்கலையோ?”

“நல்லாத்தான் இருந்துச்சு. வெந்நி கூடப் போடத் தெரியாத மனுசன். என்னையப் பக்கத்துல நிறுத்திக் கேட்டுக் கேட்டு, அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாத்தையும் ஒரே பானையில போட்டு, தேங்காயும் சீரகமும் அரைச்சு ஊத்தி இறக்கிட்டாவ.”

“உன் மேல பாசம்ட்டி. சந்தேகப்படாத.”

“அப்படின்னா எதுக்குக்கா, ‘ஒரு ஆளுக்கு மட்டும்னா அரிசி எவ்வளவு போடணும்’னு கேக்காவ?”

மூத்தவள் சிரிப்பை நிறுத்தினாள். “துபாய்ல இருக்க உன் கொழுந்தன் போன் பேசுதானா?”

“தினமும் பேசுதான். நான் பக்கத்துல போனா அவிய போனை வச்சிருதாவ.”