மூட்டை இறக்க ஒரு கை

"...தூக்கி வுடறதுக்கு நூறு பேரு வருவாங்கம்மா, எறக்கி வுட ஒருத்தி வரமாட்டா! பஸ்ஸ வுட்டு எறங்கி எம்மா நாழி தலச்சொமையோட நின்னேன் தெரியுமா? நீதான் மவராசி, கை குடுத்த."

கெங்கம்மாள் திருப்பாச்சூரிலிருந்து மணவாள நகர் மகள் வீட்டுக்கு அரிசி கொண்டு வந்தவள். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு முழுக்க மழைச் சேறு, மூட்டையைக் கீழே வைக்க வழியில்லை. சரிந்துபோன சும்மாட்டைச் சுற்றிக்கொள்ள ஒரே நிமிஷம் என்று பக்கத்தில் நின்ற செல்வியின் தலைக்கு மாற்றிவிட்டாள். செல்வி திருப்பாச்சூர் பஸ்ஸுக்கு நின்றவள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறாள். பால் குடிக்கிற நேரம். எதிரே நிற்கிற இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது பொழுது சாய்ந்துதான்.

"எறக்கி வுடறதுன்னா இன்னா? டமால்னு தள்றதா? எதிர நின்னு, ரெண்டு கையால தாங்கி, கூடவே குனியணும். சொமந்தவ கழுத்து நிமுந்து மூச்சு வுடற வரிக்கும் நிக்கணும். எவளுக்குத் தெரியுது இப்போ? எங்க மாப்ள இருக்காரே, ஆவடில பேக்டரி வேல. கூப்பன் அரிசி ஆவாதாம் தொரைக்கு! ...இன்னாம்மா? கழுத்தா? ஐயே, எனக்கும் அதே கழுத்துதான் கண்ணு, தைலம் தேச்சிப் பாத்தேன், கேக்கவே இல்ல..."

சும்மாடு சுற்றியாயிற்று. பேச்சுக்கு வாகாக அதை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். செல்விக்கு மார் கனத்து ரவிக்கை நனைந்தது. அழுகையே வந்துவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"பஸ்ஸா? அது உறுமிக்கினே கெடக்கும், எங்க போவப் போவுது! எம்பொண்ணத்தான் சொல்றேன், மணவாள நகர் இன்னா காசிலயா கீது? வந்து ஒரு கை புடிச்சா தேஞ்சா பூடுவா? அடுத்தவ பாரத்த எறக்கணும்னு ஒரு ஈவு எரக்கம் வாணாம்? என் பேஜாரு எனுக்குத்தான்..."

பஸ் நகர்ந்தது. செல்வி யோசிக்கவில்லை. மூட்டையைப் பிடித்தபடி ஒரே ஓட்டமாக ஓடிப் படியில் கால் வைத்தாள். உள்ளே இருந்தவர்கள் கை நீட்டி அரிசியையும் வாங்கினார்கள், அவளையும் இழுத்துக்கொண்டார்கள்.

சும்மாடும் கையுமாகக் கெங்கம்மாள் சேற்றில் துரத்தினாள்.

"அடியே, நிறுத்துடி! அங்கேருந்துதான்டி அந்த மூட்டய சொமந்துகினு வந்தேன்!"